ஒன்பது குச்சிகள்

இருபத்திரண்டு புள்ளி நான்கு. தமயந்தி ஸ்டாப்வாட்சை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்தால் எண் மாறிவிடுமா என்ன, மாறாது, அது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் கை அதைத்தான் செய்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. முதல் ஆள் ஒன்பதரைக்கு. இடையில் இருக்கிற இருபது நிமிஷத்துக்கு அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை, அதுதான் வம்பு. வேலை இருந்தால் மனசு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும், சும்மா இருந்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அறை பத்துக்குப் பத்து, ஜன்னல் கிடையாது, வெளியே கோயமுத்தூரில் மார்கழிக் குளிர் மிச்சம் இருக்கிறதா வெயில் ஏறிவிட்டதா என்றுகூட உள்ளே இருந்து சொல்ல முடியாது. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, மேசை நடுவே வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. பலகையில் ஒரு பக்கம் ஒன்பது குழி, மறுபக்கம் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒன்பது குச்சி. ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைக்க வேண்டும், ஒன்பதும் வைத்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பள்ளத்தில் போட வேண்டும், எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. பார்த்தால் பாலர் பள்ளி விளையாட்டு. இந்த விளையாட்டுக்குத்தான் பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் நாற்பத்தாறு பேர் பஸ் ஏறி இந்த மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவர்கள். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறையைத் தின்கிற நோய். பாதிப் பேருக்குப் புது ஊசி, பாதிப் பேருக்குப் பழைய ஊசி, எது கையைக் காப்பாற்றுகிறது என்று ஆராய்ச்சிப் பிரிவு இரண்டு வருஷம் பார்க்கிறது. பதினாலு மாசம் ஓடிவிட்டது. நொடியை அளக்கிறவள் தமயந்தி.

அளக்கிறவளுக்கு எதுவும் தெரியக் கூடாது, அதுதான் இங்கே முதல் சட்டம். யாருக்கு எந்த ஊசி என்று தெரிந்தால், ஐயோ பாவம் இவள் புது ஊசிக்காரி என்று ஸ்டாப்வாட்சை அரை நொடி முந்தி அமுக்கிவிடுவாளாம். அதனால் வருகிறவர்கள் மணிக்கட்டு வரை மூடுகிற பச்சை அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள், ஊசி குத்திய தடம் இவள் கண்ணில் படக் கூடாது. உடம்பு எப்படி இருக்கிறது என்று இவள் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. எழுதிய எண் உறைக்குள் ஒட்டப்பட்டு அன்றைக்கே பெட்டிக்குப் போய்விடும். பேச வேண்டியதெல்லாம் ஒரு அட்டையில் அச்சாகியிருக்கிறது, அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. பதினாலு மாசத்தில் ஒருவரிடமாவது சாப்பிட்டீங்களா என்று கேட்டதில்லை. பேசாத முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சங்கடம் என்று முகம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது நாற்பத்தாறு ஜோடி கைகள்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தாலே இது இருபத்தைந்து நொடிக் கை, இது முப்பது என்று தோன்றும். உறையில் ஒட்டினாலும் எண் தலையில் ஒட்டாமல் போகுமா. தினமும் முதல் ஆள் வருமுன் தானே ஒரு தடவை குச்சி வைத்துப் பார்ப்பது மட்டும் சட்டத்தில் இல்லாத பழக்கம். ஸ்டாப்வாட்ச் ஓடுகிறதா, குச்சி ஒன்பதும் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தது. இடது கட்டைவிரல் ஸ்டாப்வாட்சில், வலது கை குச்சியில். வந்த எண்ணை ஒரு பழைய டைரியில் குறித்துவைப்பாள். முதல் ஒன்பது மாசம் பதினேழும் சொச்சமும், ஒரு நாள்கூடப் பதினெட்டைத் தாண்டவில்லை. ஜூலையில் பதினெட்டரை. தூக்கமில்லை என்று நினைத்தாள். ஆகஸ்டில் பத்தொன்பது, தீபாவளிக்கு முந்தின நாள் இருபது புள்ளி எட்டு, இன்றைக்கு இருபத்திரண்டு புள்ளி நான்கு. ஏறிய எண் ஒரு நாளாவது இறங்கியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள்.

பயப்படாதே, நீ பிசியோதெரபி படித்தவள், கை மெதுவானால் நூறு காரணம் இருக்கும் என்று தனக்கே வகுப்பெடுத்தாள். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கலாம். பி12 குறைந்திருக்கலாம். முப்பத்தாறு வயசு, நாள் முழுக்கக் குனிந்த தலை. நரம்பு மணிக்கட்டில் நசுங்கியிருக்கலாம், அதற்குச் சின்ன ஆபரேஷன் போதும். நூறு காரணத்தில் தொண்ணூற்றொன்பதைச் சொல்லி முடித்துவிட்டு, மனசு அந்த ஒன்றின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஒன்றைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும், தெரிந்து தொலைத்ததுதான் வினை. இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். வரும், போகும், போனதாக நினைக்கவைத்து மறுபடி வரும். சூட்டில் கூடும். இது தெரிந்ததால் மார்கழி பிறந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள். வெந்நீர் ஊற்றிக்கொண்ட பிறகு கை இன்னும் தடுமாறினால்? தடுமாறுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வாளி வெந்நீர் போதும், அந்த ஒரு வாளியை ஊற்றிக்கொள்ளத்தான் தைரியம் இல்லை. "ஏன் அம்மணி, இந்தக் குளுருல பச்சத் தண்ணி? ஹீட்டர் என்னாச்சு?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று புருஷன் சிவகுரு கேட்டான். "மாமா, முடி கொட்டுது, அதான்" என்றாள். பல் கிடுகிடுத்ததில் முடி என்ற சொல்லே இரண்டாக உடைந்து வந்தது. அவன் சிரித்துவிட்டுப் போனான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனிடம் பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டாள், நிறையச் சொல்லியிருக்கிறாள், எல்லாம் புடவை விலை, அம்மா வீட்டுக்குப் போன விஷயம், இந்த மாதிரி. உடம்பைப் பற்றிச் சொன்னது இதுதான் முதல்.

அந்தச் சிவகுருதான் தெரியாமலே அவளுக்கு ஒரு கயிறு போட்டான். பம்ப்செட் கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. போன வாரம் சாப்பிடும்போது புதிதாக வந்த சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருந்தான். "ஷாஃப்ட்டு அளவு தப்பா வருதுன்னு லேத்துக்காரனைப் புடிச்சு வையறான். அளவு தப்பா வந்தா ஆளை வையக் கூடாது, மொதல்ல அளக்கற கேஜைப் பாக்கோணும். கேஜு தேஞ்சிருந்தா ஊரே தப்பாத்தான் தெரியும்." ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேஜைப் பார்க்க வேண்டும். பலகையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆள் போன பிறகும் பலகையையும் குச்சியையும் துடைப்பது அவள்தான், முதலில் ஸ்பிரிட்டில் துடைத்தாள், ஜூலையில் ஸ்டோரில் ஸ்பிரிட் தீர்ந்துபோய் சானிடைசர் ஜெல் கொடுத்தார்கள். ஜெல் காய்ந்தால் பிசுபிசுக்கும். குழிக்குள் மெல்லப் படிந்திருக்கும். குச்சி உள்ளே போகும்போது கொஞ்சம் பிடிக்கும், வெளியே வரும்போது கொஞ்சம் பிடிக்கும், பதினெட்டு தடவை கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தால் ஐந்து நொடி ஆகாதா. ஜெல்லும் ஜூலை, கையும் ஜூலை. கையில் ஒன்றுமில்லை, பலகைதான். இந்த நினைப்பில் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். காலையில் கண் விழித்ததும் அதன் மறுபக்கம் தெரிந்தது. பலகை கெட்டிருந்தால் நாற்பத்தாறு பேரின் ஐந்து மாச எண்களும் கெட்டவைதான். இரண்டு கட்சிக்கும் ஒரே பசைதானே, வித்தியாசம் அடிபடாது என்று வாதாடிப் பார்த்தாள். ஆனால் நல்ல விரலைவிடத் தளர்ந்த விரலைப் பசை அதிகம் இழுக்கும், யாரை எவ்வளவு இழுத்தது என்று எந்தக் கணக்கு சொல்லும். புது ஊசி நிஜமாகவே வேலை செய்திருந்தாலும் செய்யவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். இவ்வளவும் தெரிந்தும், இன்றைக்குக் காலையில் டவுன்ஹாலில் பஸ் நின்றபோது கோனியம்மன் கோபுரத்தைப் பார்த்து அவள் வேண்டிக்கொண்டது, அம்மா, பலகையாக இருக்கட்டும். அத்தனை பேர் பஸ் ஏறி வந்தது வீணாகட்டும், என் கை நன்றாக இருக்கட்டும். அம்மனுக்கே கூச்சமாக இருந்திருக்கும். அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் வேண்டுதலை வாபஸ் வாங்கவில்லை.

ஒன்பது பதினெட்டு. ஒரு பல்குத்தும் குச்சியால் குழியைச் சுரண்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைவிடச் சுலபம், இடது கை. இடது கையால் ஒரு தடவை வைத்துப் பார். பலகை கெட்டிருந்தால் இடது கைக்கும் கெட்டதுதான், அதுவும் ஐந்து நொடி ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் பழையபடி இருந்தால், அப்புறம் பலகையைப் பேசக் கூடாது. இடது கையின் பழைய எண் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, வேலைக்கு வந்த முதல் வாரத்தில் விளையாட்டாகப் பார்த்தது, பதினெட்டு புள்ளி ஒன்பது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஐந்து மாசமாக ஒவ்வொரு காலையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்குச் சனி, திங்கள் பார்க்கலாம். ஆராய்ச்சி பண்ணுகிறவள், கேள்வி இருந்தால் அளந்து பார் என்று மாணவர்களுக்குச் சொல்கிறவள், கேள்வியை எதிரே வைத்துக்கொண்டு இடது கையைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருக்கிறாள். சூடாக இருந்தது தொடைக்கு அடியில். விரல்கள் மரத்தன. மரத்தது உட்கார்ந்ததாலா என்று உடனே ஒரு சந்தேகம், கையை உருவி உதறினாள், ரத்தம் ஓடி ஊசி ஊசியாகக் குத்தியது, அப்பாடா, இது சாதாரணக் குத்தல். இப்படி ஒவ்வொன்றையும் சாதாரணமா அசாதாரணமா என்று பிரித்துப் பிரித்தே நாள் போகிறது. காலையில் சேஃப்டி பின் நழுவியது சாதாரணம். சாவி பூட்டில் ஒரு தடவையில் நுழையாதது சாதாரணம். இட்லி மாவுக் கரண்டி கை மாறி இடது கைக்குப் போனது, அது எப்போது போனது, யார் போகச் சொன்னது.

எப்ப இருந்து. பெரிய டாக்டர் அனந்தகிருஷ்ணன் வெளிநோயாளி அறையில் உட்கார்ந்தால் முதலில் கேட்கிற கேள்வி அது. சேர்ந்த புதிதில் தமயந்தி அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு? ரெண்டு மாசமா சார் என்பார்கள். அவர் பேனாவை எடுக்க மாட்டார். அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லீங்க சார். ஒண்ணுமே இல்லையா, யோசிச்சு சொல்லுங்க. அப்புறம் ஒரு மௌனம் வரும். மௌனத்துக்குப் பிறகு, ஆமாங்க சார், மூணு வருஷம் முன்னாடி ஒரு தடவை கால் ஒரு வாரம் மரத்துக் கெடந்துச்சு, சுளுக்குன்னு நெனச்சேன். அப்போதுதான் அவர் பேனா ஓடும். நோய்க்கு இரண்டு தேதி வேண்டும், ஒரு தேதி போதாது என்பார் வெளியே வந்து. தமயந்திக்கு ஒரு தேதிதான் இருக்கிறது, ஜூலை. ஜூலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஆய்வுப் படிப்புக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த வருஷம், அப்போது, அது தூக்கமில்லாமை, அதை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உழவர் சந்தை. அந்தத் தக்காளி. வேண்டாம். கட்டுரை முப்பத்திரண்டு பக்கம், கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம், யாருக்கும் கண் வலிக்கும். கண்ணை உருட்டினால் வலித்தது, அவ்வளவுதான். சந்தையில் ஒரு குவியல் தக்காளியைப் பார்த்து ஏனுங்க, இது பழுக்கவே இல்லையே என்று கேட்டாள். கடைக்காரம்மா ஒரு பழத்தைப் பிளந்து காட்டி, "நல்லாப் பாருங்க கண்ணு, ரத்தமாட்டம் இருக்குது" என்றாள். இடது கண்ணை மூடிப் பார்த்தபோது பழம் பழுப்பாக இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தபோது சிவப்பாக இருந்தது. இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டு சந்தையில் நின்றாள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சரியானதை யாரிடமும் சொல்லவில்லை, நாலு வருஷமாகத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. எம்.எஸ். கண்ணில் தொடங்கினால் முதலில் சிவப்புதான் வெளிறும் என்று அவள் எழுதிய அந்தக் கட்டுரையிலேயே ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "பஸ்ஸு அவிநாசிலயே அரைமணி நேரம் நின்னுபோச்சுங்க சிஸ்டர், ஓடியாந்தனுங்க." ஒன்பது முப்பத்திரண்டு. பச்சை அங்கியில் சௌடேஸ்வரி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மேசைமேல் வைத்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர், முப்பத்தொரு வயசு, முதல் நாள் படிவத்தில் படித்தது. வலது ஆள்காட்டி விரல் நகத்தில் தையல் ஊசி ஏறிய பழைய வடு. போன தடவை, செப்டம்பரில், வலது கை முப்பத்தொன்று புள்ளி நான்கு. தமயந்தி அட்டையை எடுத்தாள். "குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழிகளில் வையுங்கள். எல்லாவற்றையும் வைத்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போடுங்கள். முதலில் வலது கை. தயாரா? தொடங்குங்கள்." அமுக்கினாள். முதல் குச்சி டொக்கென்று உள்ளே போனது. இரண்டாவது, டொக். மூன்றாவது விளிம்பில் இடித்துக்கொண்டு டொக். தமயந்தி விரலைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தாள். எங்கேயாவது பிடிக்கிறதா. பிடி. ஒரு தடவையாவது பிடி. எடுக்கும்போது குச்சிகள் வழுவழுவென்று வெளியே வந்தன. கடைசிக் குச்சி பள்ளத்தில் விழுந்ததும் அமுக்கிவிட்டுப் பார்த்தாள். இருபத்தாறு புள்ளி எட்டு. மனசு ஒரு கணம் எம்பிக் குதித்தது, அது பொய்யில்லை, நாலரை நொடி திரும்பக் கிடைத்திருக்கிறது ஒரு டெய்லருக்கு, அந்த விரலுக்குள் ஏதோ ஒன்று தின்பதை நிறுத்தியிருக்கிறது. குதித்த மனசு இறங்கும்போது கால் வைக்க இடமில்லை. பசை பிடித்த பலகை ஒருத்திக்கு நாலரை நொடி குறைத்துக் கொடுக்காது. பலகை நன்றாக இருக்கிறது.

எண்ணை எழுதினாள். அடுத்து இடது கை, அதற்குப் பலகையைத் திருப்பி, பள்ளம் நோயாளியின் இடது பக்கம் வருகிற மாதிரி வைக்க வேண்டும். பதினாலு மாசமாகச் செய்கிற காரியம். வலது கை ஓரத்தைப் பிடித்தது, பிடித்ததாக அவள் நினைத்தாள், பலகை சாய்ந்து ஒன்பது குச்சியும் ரப்பர் விரிப்பில் சிதறின. "மன்னிக்கவும்" என்றாள், அட்டையில் அது இருக்கிறது. வலது கையால் ஒரு குச்சியை எடுக்கப் போனாள், விரலுக்கும் குச்சிக்கும் நடுவில் ஏதோ துணி இருப்பதுபோல் இருந்தது, நழுவியது. மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை போகிறதற்குள் இடது கை தானாக வந்து அந்தக் குச்சியை எடுத்துப் பள்ளத்தில் போட்டது. அடுத்ததைப் போட்டது. டொக், டொக், டொக், ஒன்றும் நழுவாமல், ஒன்றும் யோசிக்காமல், ஒன்பதும். ஸ்டாப்வாட்ச் தேவைப்படவில்லை. ஐந்து மாசமாகத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பதில் பள்ளத்தில் கிடந்தது.

"ஏனுங் மேடம்," என்றாள் சௌடேஸ்வரி. குரல் தாழ்ந்திருந்தது. "உங்களுக்கு எடது கைப் பழக்கமுங்களா? போன தடவை சோத்தாங்கைலதான எல்லாம் எடுத்து வெச்சீங்க."

அட்டையில் அதற்கு வரி இல்லை. அடுத்து இடது கை என்கிற வரி இருந்தது, அதைப் படிக்கத்தான் தமயந்தி வாயைத் திறந்தாள். எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிந்தன.

"இல்லீங்க," என்றாள். "சோத்தாங்கைதான்."

சௌடேஸ்வரி விரிப்பின்மேல் கிடந்த அந்த வலது கையைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நானூறு கழுத்துப்பட்டி தைக்கிற மேசையில் பக்கத்துக் கை தடுமாறுவதைக் கண்டுபிடிக்கிற பார்வை அது. பிறகு எட்டி, அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்ப இருந்துங்க?"

"அஞ்சு மாசமா."

"அதுக்கு முன்னாடி?"

தமயந்தி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். அவசரம் இல்லாத முகம். இதே கேள்விக்கு இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முதலில் தப்பாகப் பதில் சொன்னவளின் முகம். வெளியே சிஸ்டர் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கடிகாரம் ஓடியது.

"ஒண்ணுமில்லீங்க" என்கிற வரைக்கும் வந்தது. பிறகு அந்த மௌனம் வந்தது. அது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தபோது தெரிந்ததில்லை.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி," என்றாள் தமயந்தி, "ஒரு வாரம் எனக்குத் தக்காளி செவப்பாவே தெரியலீங்க."